மைலேஜ் ஏத்துற டிவைஸ் நிஜமாவே வேலை செய்யுதா? நீங்களே செக் பண்ற வழி

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் இந்த ஐட்டங்களோட விளம்பரமும் கூடவே ஏறும். ஓபிடி போர்ட்ல (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற சாக்கெட்) சொருகுற குட்டி டப்பா, பெட்ரோல் ஹோஸ்ல மாட்டுற காந்தம், ஏர் இன்டேக்குக்குள்ள வைக்கிற விசிறி மாதிரி தகடு, லைட்டர் சாக்கெட்ல சொருகுற வோல்டேஜ் ஸ்டெபிலைசர், டேங்க்ல போடுற மாத்திரை, தண்ணிய ஹைட்ரஜனா பிரிச்சு இன்ஜினுக்கு அனுப்புற கிட்... ஐட்டம்தான் வேற வேற, வாக்குறுதி ஒன்னுதான். 15 சதவீதம், 20 சதவீதம், சில பேரு கூச்சமே இல்லாம 35ன்னு போட்டுருப்பாங்க. வாங்கலாமான்னு கேட்டா "வேணாம்"னு ஒரு வார்த்தைல முடிச்சிடலாம், ஆனா அப்படி சொன்னா யாரும் கேக்கறதில்ல, ஏன்னா தெரிஞ்ச மச்சான் ஒருத்தன் மாட்டிட்டு லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூட வருதுன்னு சத்தியம் பண்ணிட்டு இருப்பான். அவன் பொய் சொல்லல, அதுதான் இதுல சிக்கலே. அவன் கணக்குல நிஜமாவே ரெண்டு கிலோமீட்டர் கூட வந்திருக்கும். அது எப்படி வந்துச்சு, டிவைஸ்னாலயா இல்லையான்னு கண்டுபிடிக்கிறது எப்படிங்கறத தான் இங்க எழுதுறேன்.

முதல் வேலை, காச எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: மிச்சமாகப் போற பெட்ரோல் இப்போ எங்க வீணாகுது?

பாதி விளம்பரம் சொல்றது "உங்க இன்ஜின் பெட்ரோல முழுசா எரிக்கல, நாங்க முழுசா எரிய வைக்கிறோம்". கார்புரேட்டர் காலத்துல இதுல கொஞ்சமாவது அர்த்தம் இருந்துச்சு. இப்ப இருக்கற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டில ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் பக்கம் உக்காந்து புகைய பாத்துக்கிட்டே இருக்கும், இசியு, அதாவது இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கற கணக்குல செகண்டுக்கு பல தடவை திருத்திக்கிட்டே இருக்கும். நல்லா சூடான, ரிப்பேர் இல்லாத இன்ஜின்ல உள்ள போற பெட்ரோல்ல சுமாரா 97, 98 சதவீதம் எரிஞ்சிடுது. மிச்சம் ரெண்டு மூணு சதவீதத்தையும் பெரும்பாலும் சைலன்சர் வழில புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எரிச்சு முடிச்சிடும். ஆக, ஒரு சொட்டு விடாம எரிச்சாலும் உங்களுக்கு கிடைக்க வாய்ப்புள்ளது அந்த ரெண்டு மூணு சதவீதம் மட்டும்தான். 20 எங்கருந்து வரும்?

அப்போ வீணாகறதே இல்லையான்னா, வீணாகுது, பயங்கரமா வீணாகுது, ஆனா எரியாம இல்ல, எரிஞ்ச சூடா. பெட்ரோலோட எனர்ஜில டயர் வரைக்கும் வந்து சேர்றது ஓட்டுற விதத்த பொறுத்து நாலுல ஒரு பங்கு, சிட்டி டிராஃபிக்ல அத விட கம்மி. மிச்சம் ரேடியேட்டர் வழியா, சைலன்சர் வழியா, உராய்வுல போயிடுது. வந்து சேர்ந்ததும் காத்த கிழிக்கறதுக்கும் டயர் உருள்றதுக்கும் பிரேக்ல சூடாகறதுக்கும் செலவாகுது. ஹோஸ்ல மாட்டுற காந்தம் இதுல எதைத் தொடுது? ஒன்னையும் தொடல.

காந்தத்த பத்தி சொல்லிடுறேன், சீக்கிரம் முடிஞ்சிடும். பெட்ரோல்ல இருக்கறது ஹைட்ரோகார்பன், அத காந்தம் கிட்டத்தட்ட கண்டுக்கவே கண்டுக்காது. "மாலிக்யூல் வரிசைல நிக்கும்"னு படம் போட்டு காட்டுவாங்க, அப்படி எதுவும் நடக்காது, நடந்தாலும் காந்தத்த தாண்டின அடுத்த நொடியே கலைஞ்சிடும், அதுக்கப்புறம் இன்ஜெக்டர் வேற அத பீச்சி அடிக்குது. இன்டேக்ல வைக்கிற சுழல் தகடும் அதே கதைதான், காத்த சுத்த விடுதுங்கறது நிஜம், ஆனா அந்த சுழல் த்ராட்டில், மேனிஃபோல்ட், வால்வுன்னு தாண்டி சிலிண்டருக்குள்ள போறதுக்குள்ள காணாம போயிடும், மிஞ்சறது காத்து வர்ற வழில ஒரு தடுப்பு. லைட்டர் சாக்கெட் டப்பாவ திறந்து பாத்தா சின்ன கெப்பாசிட்டர் ஒன்னு, எல்இடி ஒன்னு, சிலதுல எல்இடி மட்டும்தான்.

ஓபிடி டப்பா கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான உருட்டு. அந்த போர்ட் வழியா இசியு கூட பேச முடியும்ங்கறது உண்மைங்கறதால படிச்சவங்களே நம்பிடுறாங்க. 2017ல குவார்க்ஸ்லேப்ங்கற செக்யூரிட்டி கம்பெனிக்காரங்க நைட்ரோ ஓபிடி2ன்னு வித்த டப்பாவ பிரிச்சுப் பாத்தாங்க. உள்ள ஒரு சிப், ஒரு பட்டன், எல்இடிங்க. காரோட கேன் லைன்ல (வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருங்க ஒன்னோட ஒன்னு பேசுற ஒயர்) பேசறதுக்கு ட்ரான்ஸீவர்னு ஒரு பார்ட் வேணும், அது போர்டுல தனியாவே இல்ல. சிப்புக்குள்ளயே ஒளிஞ்சிருக்கான்னும் தேடிட்டாங்க, அதுவும் இல்ல. வண்டில சொருகி லைன்ல போற மெசேஜ பதிவு பண்ணி பாத்தப்பவும் டப்பா ஒரு மெசேஜ் கூட அனுப்பல. லைட் மட்டும் கண்ணடிச்சுச்சு. இந்த வகையறா கூட வர்ற பேப்பர பாருங்க, "150, 200 கிலோமீட்டர் ஓட்டுங்க, டப்பா உங்க டிரைவிங்க கத்துக்கும், அப்புறம் ரிசல்ட் தெரியும்"னு இருக்கும். அந்த 200 கிலோமீட்டர்ல கத்துக்கறது நீங்கதான், மைலேஜ் முள்ளையே பாத்துக்கிட்டு ஆக்சிலரேட்டர மெதுவா மிதிக்க. (இசியு மேப்ப நிஜமாவே மாத்தி எழுதற ரீமேப் வேற விஷயம். அதுல ஒவ்வொரு மாடலுக்கும் தனி ஃபைல் வேணும், சில டர்போ வண்டில வித்தியாசம் தெரியும், ஆனா புகை டெஸ்ட், வாரன்ட்டின்னு தனி தலைவலி இருக்கு.)

ஹைட்ரஜன் கிட்டுக்கு மட்டும் கணக்கு போட்டே காட்டணும், ஏன்னா இதுக்கு ரசிகர் மன்றமே இருக்கு. தண்ணிய பிரிக்கிற செல் ஆறு வச்ச ஒரு கிட், 20 ஆம்ப்ஸ் இழுக்குதுன்னு வைங்க. ஓடுற வண்டில 13.8 வோல்ட், அப்போ சுமாரா 276 வாட் கரண்ட். இது சும்மா வரல, ஆல்டர்னேட்டர் தருது, ஆல்டர்னேட்டர் பாதிக்கு கொஞ்சம் மேலதான் திருப்பிக் குடுக்கும், அதனால பெல்ட் வழியா இன்ஜின்கிட்டருந்து கிட்டத்தட்ட 500 வாட் புடுங்குது. இந்த கரண்ட்ல வர்ற ஹைட்ரஜன் மணிக்கு 50 லிட்டர். கேக்க பெருசா இருக்கும், ஆனா அது காத்த விட ரொம்ப லேசான வாயு, அத எரிச்சா கிடைக்கிறது 150 வாட் சூடு. அந்த சூட்டையும் இன்ஜின் நாலுல ஒரு பங்குதான் சக்தியா மாத்தும், அப்போ 40 வாட். 500 குடுத்து 40 வாங்குறோம். "இல்ல சார், ஹைட்ரஜன் பெட்ரோல நல்லா எரிய வைக்குது, அதுதான் விஷயம்"னு அடுத்த பதில் வரும். மணிக்கு நாலு லிட்டர் குடிக்கிற வண்டில பெட்ரோல் தர்ற சூடு சுமார் 35,000 வாட், அதுல இந்த 150 அரை சதவீதம் கூட இல்ல, ஏற்கனவே 98 சதவீதம் எரியறத இது என்னத்த இன்னும் எரிய வைக்கிறது. ஹைட்ரஜன் கலந்து இன்ஜின லீனா (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி) ஓட்டுற ஆராய்ச்சி நிஜமாவே இருக்கு, ஆனா அதுல சேக்கிற அளவே வேற, இன்ஜின் ட்யூனிங்கும் வேற.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. சில கிட் கூட ஆக்சிஜன் சென்சார ஏமாத்துற ஒரு சின்ன சர்க்யூட்டும் வரும், இசியு பெட்ரோல குறைக்கட்டும்னு. அது நிஜமாவே குறைக்கும், அப்புறம் பெட்ரோல்-காத்து கலவை லீனாகி வண்டி இழுக்காம திக்கும், நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும், மிஸ்ஃபயர் ஆனா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கருகும். வேலையே செய்யாத காந்தம் எவ்வளவோ தேவலை, அது சும்மாவாவது இருக்கு.

அடுத்து, விளம்பரத்துல இருக்கற முத்திரைங்கள எப்படி படிக்கிறதுன்னு பாப்போம். "பேட்டன்ட் வாங்கினது"ன்னா அந்த ஐடியா புதுசுன்னு ஒத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான், பேட்டன்ட் ஆபீஸ்ல யாரும் கார்ல மாட்டி ஓட்டிப் பாக்கறதில்ல. 1930கள்லயே சார்லஸ் நெல்சன் போக்னு ஒரு கனடாக்காரர் கேலனுக்கு 200 மைல் தர்ற கார்புரேட்டர்னு பேர் வாங்கி பேட்டன்ட்டும் எடுத்தார், அது இன்னைக்கு வரைக்கும் எந்த வண்டிலயும் வரல, "எண்ணெய் கம்பெனிங்க அமுக்கிட்டாங்க"ங்கற கதை மட்டும் வருது. எண்ணெய் கம்பெனி அமுக்கினா கார் கம்பெனி சும்மா விடுமா? அரசாங்கத்தோட மைலேஜ் விதிய தொடறதுக்காக அவங்க அரை சதவீதத்துக்கே பல வருஷம் வேலை பாக்குறாங்க, ஹோஸ்ல ஒரு காந்தத்த கட்டினா 20 சதவீதம் வரும்னா ஃபேக்டரிலயே கட்டியிருக்க மாட்டாங்களா.

"இபிஏ பதிவு பெற்றது"ன்னு ஃப்யூயல் அடிட்டிவ் (பெட்ரோல்ல கலக்குற மருந்து) பாட்டில்ல போட்டுருக்கும். இபிஏங்கறது அமெரிக்காவோட சுற்றுச்சூழல் ஏஜென்சி, அங்க அடிட்டிவ விக்கணும்னா அதுல பதிவு பண்ணியே ஆகணும், அது பாராட்டுப் பத்திரம் இல்ல. சிஇ மார்க்கும் அப்படித்தான், ஐரோப்பாவோட பாதுகாப்பு விதி சம்பந்தப்பட்டது, மைலேஜ் பத்தி அதுல பேச்சே இல்ல. நிஜமா இபிஏ என்ன சொல்லுதுன்னு பாத்தா, 1970கள்லருந்து 100க்கும் மேற்பட்ட இந்த மாதிரி டிவைஸ அவங்க ஆராய்ஞ்சிருக்காங்க, ரொம்ப சிலது மட்டும்தான் ஏதோ கொஞ்சம் மிச்சம் பண்ணிச்சு, அந்த சிலதுலயும் சிலது புகைய ஏத்துற வகை. தேறினதுல ஒரு ரகம், வேகமெடுக்கும்போது ஏசிய கொஞ்ச நேரம் ஆஃப் பண்றது. அதுல மாயம் ஒன்னும் இல்ல, நாமளே ஸ்விட்ச தட்டலாம். மாத்திரை ரகத்துக்கு ஒரு உதாரணம் போதும்: 2006ல டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் பயோபெர்ஃபார்மன்ஸ்ங்கற கம்பெனி மேல கேஸ் போட்டாரு, அவங்க வித்த பெட்ரோல் மாத்திரைய டெஸ்ட் பண்ணா உள்ள இருந்தது நாஃப்தலீன், அதாவது துணி பீரோல போடுற அந்துருண்டை.

சரி, இவ்வளவு படிச்சும் வாங்கிட்டீங்க, இல்ல யாரோ பரிசா குடுத்துட்டாங்க. இப்போ டெஸ்ட் பண்ணலாம். ஒழுங்கா பண்ணா இது வீட்டுலயே முடியற வேலை.

டேஷ்போர்டுல காட்டுற மைலேஜ நம்பாதீங்க. அது பெட்ரோல அளந்து சொல்றதில்ல, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்து இருந்துச்சுங்கறத வச்சு இசியு போடுற கணக்கு. டிவைஸ் ஏதாவது ஒரு சென்சார குழப்பியிருந்தாலோ ஃப்யூயல் பிரஷர மாத்தியிருந்தாலோ அந்த கணக்கே தப்பாயிடும், டிஸ்ப்ளேல கூடும், பங்க்ல கூடாது. டேங்க் ஃபுல் பண்ணி, ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணி, போட்ட லிட்டரால ஓடின கிலோமீட்டர வகுக்கிற பழைய முறைதான் சரி. ஆனா அதுலயும் ஒரு டேங்க வச்சு முடிவு பண்ணக் கூடாது, காரணம் சொல்றேன். நாசில் தானா கட் ஆகற இடம் ஒவ்வொரு பம்புலயும் கொஞ்சம் மாறும், வண்டி லேசா சரிவுல நின்னாலும் மாறும். 40 லிட்டர்ல ஒரு லிட்டர் முன்ன பின்ன போனா 2.5 சதவீதம் அங்கயே தப்பு. பெட்ரோல் 10 டிகிரி சூடானா கிட்டத்தட்ட 1 சதவீதம் விரியும். இதோட ட்ராஃபிக், காத்து அடிக்கிற திசை, ஏசி, குளிர்ல அடிக்கடி ஸ்டார்ட் பண்ணி சின்ன சின்ன தூரம் போறது எல்லாம் சேந்தா, எதையுமே மாத்தாத வண்டிலயே டேங்குக்கு டேங்க் அஞ்சு, பத்து சதவீதம் ஆடும். மச்சானோட ரெண்டு கிலோமீட்டர் வந்த வழி இதுல ஒன்னு.

இன்னொரு வழி, மைலேஜ் ரொம்ப மோசமான மாசத்துலதான் யாரா இருந்தாலும் இந்த ஐட்டத்த வாங்குவாங்க. மோசமான மாசத்துக்கு அடுத்த மாசம், ஒன்னும் பண்ணாட்டியும், பெரும்பாலும் கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும். மூணாவது வழி, காசு போட்டவன் கால் தானா மெதுவாயிடும். இந்த மூணாவதுதான் பெரிய ஆளு, அத அடக்காம எந்த டெஸ்ட்டும் டெஸ்ட் இல்ல.

அதனால செய்ய வேண்டியது இதுதான். ஒரே பங்க், முடிஞ்சா ஒரே பம்ப், ஒரே பக்கம் பாத்து நிறுத்துங்க, முதல் கட் ஆனதும் நிறுத்திடுங்க, அதுக்கு மேல சொட்டு சொட்டா ஏத்தாதீங்க. டயர் பிரஷர ஒவ்வொரு ஃபில்லப்லயும் வண்டி ஆறியிருக்கும்போது ஒரே அளவுக்கு வைங்க. அப்புறம் வீட்டுல ஒருத்தர கூட்டு சேருங்க. ஒவ்வொரு ஃபுல் டேங்க் அன்னைக்கும் அவங்க காச சுண்டிப் பாத்து, தலை விழுந்தா டிவைஸ மாட்டட்டும், பூ விழுந்தா கழட்டட்டும், எதுன்னு ஒரு தாள்ல எழுதி மடிச்சு வச்சுக்கட்டும், உங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. காந்தமா இருந்தா பானெட்ட நீங்க திறக்காம இருந்தா போதும். ஓபிடி டப்பான்னா லைட் கண்ல படும், போர்ட் மேல ஒரு கறுப்பு டேப்ப ஒட்டிடச் சொல்லுங்க, டப்பா உள்ள இருந்தாலும் இல்லாட்டியும் வெளிய ஒரே மாதிரி தெரியணும். அடிட்டிவ்னா லேபிள் இல்லாத ரெண்டு பாட்டில், ஒன்னுல மருந்து, ஒன்னுல வெறும் பெட்ரோல், எதுன்னு தெரியாம ஊத்துங்க. ஆனா அடிட்டிவோட தாக்கம் அடுத்த டேங்க் வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கும்ங்கறதால, மாத்துற ஒவ்வொரு தடவையும் நடுவுல ஒரு டேங்க கணக்குல சேக்காதீங்க.

ரெண்டு பக்கமும் குறைஞ்சது நாலஞ்சு டேங்க் ஆனதும் தாள பிரிங்க. உதாரணத்துக்கு டிவைஸ் இல்லாம 15.1, 16.0, 14.7, 15.6ன்னும், டிவைஸோட 15.8, 15.2, 16.1, 14.9ன்னும் வந்திருக்குன்னு வைங்க. சராசரி 15.35, 15.5. "பாத்தீங்களா கூடிருக்கு"ன்னு குதிக்காதீங்க, டிவைஸ் இல்லாமலேயே 14.7லருந்து 16 வரைக்கும் ஆடுற வண்டில 0.15 ஒரு வித்தியாசமே இல்ல. நிஜமா 20 சதவீதம் வந்திருந்தா எல்லா எண்ணும் 18ஐ ஒட்டி நிக்கும், கால்குலேட்டரே தேவைப்படாது. இந்த எண்ணுங்க கலந்து கிடந்தாலே முடிவு தெரிஞ்சு போச்சு. சராசரி எடுக்கும்போது மொத்த கிலோமீட்டர மொத்த லிட்டரால வகுங்க, டேங்க் டேங்கா வந்த மைலேஜ கூட்டி வகுத்தா சின்ன டேங்க்குக்கும் பெரிய டேங்க்குக்கும் ஒரே மரியாதை குடுத்த மாதிரி ஆயிடும்.

லாரி கம்பெனிங்க இத இன்னும் சுத்தமா பண்றாங்க. எஸ்ஏஇ ஜே1321ன்னு ஒரு டெஸ்ட் முறை இருக்கு, அதுல மாத்தின வண்டி கூடவே எதையும் மாத்தாத இன்னொரு வண்டியும் அதே ரோட்டுல அதே நேரத்துல ஓடும், காத்து, சூடு, மழை எல்லாம் ரெண்டுக்கும் ஒன்னா போயிடும். வீட்டுல ரெண்டு வண்டி ஒரே ரூட்ல போகுதுன்னா நீங்களும் பண்ணலாம். வெளிய வாங்கி மாட்டி நிஜமாவே வேலை செய்யற சாமான்னா இந்த லாரி உலகத்துலதான் இருக்கு, ட்ரெய்லரோட பக்கவாட்டுல கீழ தொங்குற ஸ்கர்ட் தகடு, நெடுஞ்சாலை வேகத்துல சில சதவீதம் நிஜமாவே குறைக்குது. கவனிங்க, அது பெட்ரோல தொடல, காத்த தொடுது.

காருக்கும் அதே திசைலதான் தேடணும். மேல கேரியர் பெட்டி வச்சிட்டு காலியா சுத்துறவங்க அத கழட்டினாலே நெடுஞ்சாலைல 10 சதவீதத்துக்கு மேல திரும்பி வரலாம், எந்த டப்பாவும் இத தராது. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், 100ல போறத 120 ஆக்கினா எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். திடீர்னு மிதிச்சு திடீர்னு பிரேக் அடிக்கிற பழக்கம் ட்ராஃபிக்ல 10லருந்து 40 சதவீதம் வரைக்கும் தின்னும்னு அமெரிக்க எனர்ஜி டிபார்ட்மென்ட் சொல்லுது. சும்மா நின்னு இன்ஜின் ஓடினா மணிக்கு ஒன்னுலருந்து ரெண்டு லிட்டர். டயர் காத்து நாலு டயர்லயும் ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா சுமார் 0.2 சதவீதம், சின்னதுதான், ஆனா எட்டு பத்து பிஎஸ்ஐ குறைச்சலோட ஓட்டுறவங்கதான் நிறைய. டயர் மாத்தும்போது லோ ரோலிங் ரெசிஸ்டன்ஸ் டயர கேட்டு வாங்குங்க, அதுவும் ஒரு வகைல மைலேஜ் டிவைஸ்தான். ஏர் ஃபில்டர் அடைச்சா மைலேஜ் போகும்னு எல்லாரும் சொல்லுவாங்க, இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டில அது பிக்கப்பத்தான் குறைக்கும், மைலேஜ பெருசா தொடாது, மாத்த வேண்டியது வேற காரணத்துக்காக.

மைலேஜ் நிஜமாவே சடார்னு விழுந்திருந்தா டிவைஸ் தேடாம வண்டிய ஸ்கேன் பண்ணுங்க. கெட்டுப்போன ஆக்சிஜன் சென்சார், மூடாத தெர்மோஸ்டாட், பிடிச்சிக்கிட்டு விடாத பிரேக், இந்த மூணுலயே பாதி கேஸ் முடிஞ்சிடும். பிரேக்க பாக்க மெக்கானிக் கூட வேணாம், கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி நாலு வீல் பக்கமும் கைய கிட்ட கொண்டு போங்க, தொட வேணாம், ஒன்னு மட்டும் அனல் அடிச்சா அதுதான்.

ஏற்கனவே கிட்ட மாட்டிட்டீங்கன்னா கழட்டும்போது சும்மா பிடுங்காதீங்க. சென்சார் ஒயர வெட்டி ஒட்டியிருந்தா பழையபடி சேத்து இன்சுலேட் பண்ணுங்க, இன்டேக்ல ஓட்டை போட்டு குழாய் விட்டிருந்தா நல்லா அடைங்க, இல்லாட்டி அந்த ஓட்டை வழியா ஃபில்டர் ஆகாத காத்து உள்ள போய் புதுசா ஒரு பிரச்சனைய கிளப்பும். எரர் கோட அழிச்சுட்டு கொஞ்ச நாள் ஓட்டுங்க, ஃப்யூயல் ட்ரிம் (இசியு பெட்ரோல் அளவுல பண்ணி வச்சிருக்கற திருத்தம்) பழைய கணக்குக்கு திரும்ப நேரம் எடுக்கும், அது வரைக்கும் வர்ற மைலேஜ எழுதி வைக்காதீங்க.